கேளா ஒலியும் கடலையளவுச் சுரப்பியும்



உங்களிடம் முதலில் ஒரு கேள்வி. பத்துக் கிலோ எடையுள்ள ஒரு நாய் நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? நாய் வளர்ப்பவர்கள்கூட இதற்கு உடனே விடை சொல்லமாட்டார்கள். கொல்லைப்புறத்தில் ஒரு சட்டி இருக்கும். வற்றினால் யாராவது ஊற்றுவார்கள். அதற்குமேல் கணக்கு வைப்பவர் எவருமில்லை. உடல்நலமுள்ள நாய் தன் எடையில் கிலோ ஒன்றுக்கு 60 மில்லிலிட்டருக்கு உட்பட்டே பெரும்பாலும் குடிக்கும். பத்துக் கிலோ நாய்க்கு 600 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நாய் நாள்தோறும் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்குமானால், உடம்பில் எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது என்று ஐயுற இடமுண்டு.

நான் கால்நடை மருத்துவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதத்துக் காலையில், ஓய்வுபெற்ற அஞ்சல் அதிகாரி ஒருவர் தம் நாயை என்னிடம் அழைத்து வந்தார். மணி என்று பெயர். குட்டைக் கால்களும் நீண்ட உடம்பும் உடைய டாக்ஷண்ட் இனம், வயது பத்து, எடை 11 கிலோ. வயிறு தரையைத் தொடுமளவு தொங்கிற்று. இரண்டு விலாப்புறங்களிலும், அளந்து வைத்து மழித்தாற்போல் ஒரே சீராக முடி உதிர்ந்திருந்தது. பனிக் காலையிலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருந்தது.

“டாக்டர், இவனுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் வயதானவன் இப்படிச் சாப்பிடுவானா? சோற்றுத் தட்டைக் கீழே வைக்க விடமாட்டேன் என்கிறான். இரவில் கூடமெல்லாம் ஈரம். வீட்டில் தாங்கமுடியாமல், மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைத்துவிடுகிறார்கள்” என்றார்.

நான் திடுக்கிட்டேன். “ஐயா, இன்றிரவே சட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள்” என்றேன். மணி தண்ணீர் குடிப்பதனால் சிறுநீர் மிகவில்லை. சிறுநீர் மிகுவதனால்தான் தண்ணீர் தேடிற்று. சட்டியை எடுத்துவிட்டால் சிறுநீர் நின்றுவிடாது, உடம்புதான் வறளும். அந்த வீட்டார் கொடியவர்கள் அல்லர். காரணத்தைக் காரியமாகவும் காரியத்தைக் காரணமாகவும் மாற்றிப் புரிந்துகொண்டார்கள். மூன்று நாட்கள் மணி குடிக்கும் நீரை அளந்து எழுதிவரும்படி சொன்னேன். கடிதங்களை எடைபோட்டே பழகிய கை அல்லவா? நான்காம் நாள், வேளைவாரியாகக் கோடு போட்ட ஒரு குறிப்பேட்டுடன் வந்தார். நாள் கணக்கு 1,900 மில்லிலிட்டர்.

நீரிழிவிலும் சிறுநீரக நோயிலும் இவ்வாறு நேர்வதுண்டு. அவற்றை இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்து விலக்கினேன். எஞ்சிய ஐயம் ஒரு சிறு உறுப்பின்மேல் விழுந்தது.

சிறுநீரகங்களை அடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு சுரப்பிகள் உள்ளன. அவற்றை அட்ரீனல் சுரப்பிகள் என்கிறோம். மனிதனில் இவை சிறுநீரகத்தின்மேல் குல்லாய் கவிழ்த்தாற்போல் இருக்கும். நாயிலோ சற்று உள்ளொதுங்கி, பெரிய இரத்தக் குழாய்களை ஒட்டிக் கிடக்கும். நடுத்தர நாயில் ஒரு நிலக்கடலையின் அளவே இருக்கும். இத்தாலிய உடற்கூற்று அறிஞர் யூஸ்டேக்கி 1563-ஆம் ஆண்டிலேயே மனித உடலில் இவற்றைக் கண்டு எழுதினார். ஆனால் இவை எதற்காக இருக்கின்றன என்று ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் எவருக்கும் தெரியவில்லை. 1855-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன், இவை கெட்டவர்கள் நாளுக்கு நாள் சோர்ந்து, தோல் கறுத்து இறந்துபோவதை எடுத்துக்காட்டினார். மறு ஆண்டே பிரௌன்-செக்கார் என்ற உடலியல் அறிஞர் விலங்குகளிடமிருந்து இச்சுரப்பிகளை நீக்கிப் பார்த்தார், அவை பிழைக்கவில்லை. கடலையளவு உறுப்பு; அஃது இன்றேல் உயிரில்லை!

இச்சுரப்பியின் புறப்பகுதியில் ஊறும் ஹார்மோன்களுள் ஒன்று கார்ட்டிசால். பசியையும், சர்க்கரையையும், அழற்சியையும், துன்ப காலத்தில் உடம்பு தாங்கும் ஆற்றலையும் அது ஆள்கிறது. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. மிகுதியால் வரும் நோய்க்கு, அதனை மனிதரிடம் ஆராய்ந்து 1932-இல் விரிவாக எழுதிய அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நாய்களுக்கு அந்நோய் மனிதரைவிட மிகுதியாகவே வருகிறது.

இனி நான் சொல்லப்போவது விளங்க, ஒரு வயலை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். வயலுக்கு நீர் பாய்ச்ச இரண்டு கிணறுகள்; கிணற்றுக்கு ஓர் ஏற்றம்; ஏற்றத்துக்கு ஓர் ஆள். வரப்பில் மேற்பார்வையாளர் ஒருவர் நிற்கிறார். பயிர் வாடினால் “இறையுங்கள்” என்று குரல் கொடுப்பார். நீர் நிரம்பினால் வாய் மூடிவிடுவார். மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் அந்த மேற்பார்வையாளர். இரண்டு அட்ரீனல்களும் ஏற்றக்காரர்கள்.

மேற்பார்வையாளருக்குப் புத்தி பேதலித்து, வயல் நிரம்பிய பின்னும் ஓயாமல் கூவிக்கொண்டேயிருந்தால் என்ன ஆகும்? இரண்டு ஆட்களும் ஓயாமல் இறைப்பார்கள். இருவர் தோளும் திரளும். நாய்களின் குஷிங் நோயில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை இவ்வகையினவே. பிட்யூட்டரியில் தோன்றும் சிறு கட்டியே இதற்குக் காரணம். மாறாக, ஏற்றக்காரர்களுள் ஒருவன் யார் சொல்லையும் கேளாமல் தானே இறைக்கத் தொடங்கினால்? வயல் நிரம்பியதைக் கண்ட மேற்பார்வையாளர் வாய் மூடிவிடுவார். சொற்படி நடக்கும் மற்றவன் வேலையின்றி உட்கார்ந்து இளைத்துப்போவான். ஓர் அட்ரீனலில் கட்டி தோன்றுவது இவ்வகை. இரண்டு வகையிலும் வயலில் வெள்ளம்தான். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. கிணற்றடிக்குப் போய் ஆட்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆனால் நாயின் வயிற்றுக்குள் இருக்கும் கிணற்றடிக்கு எவ்வாறு போவது? எக்ஸ்-கதிர்ப் படத்தில் எலும்பு தெரியும், கல் தெரியும். மென்மையான இச்சிறு சுரப்பி, சுண்ணம் படிந்தோ மிகப் பெருத்தோ இருந்தாலன்றித் தெரியாது. இங்கேதான் கேளா ஒலி துணைக்கு வருகிறது.

கோயில் மண்டபங்களில் வௌவால்கள் கும்மிருட்டில் தூணில் மோதாமல் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி 1790-களில் இதை ஆராய்ந்து, கண்ணில்லாமலும் அவை பறக்கும், காதடைத்தால் தடுமாறும் என்று கண்டார். ஏன் என்று சொல்ல அவரால் இயலவில்லை. வௌவால் மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்புகிறது என்பது 1938-இல் அமெரிக்க மாணவர் டொனால்ட் கிரிஃபின், பியர்ஸ் என்ற பேராசிரியரின் கருவியைக் கொண்டு சோதித்தபோதுதான் வெளிப்பட்டது. அவர் அப்போது உங்களைப்போல் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தவர். இதற்கிடையே 1880-இல் பியேர் கியூரியும் அவர் தமையனார் ழாக் கியூரியும், குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டிருந்தார்கள். மின்சாரம் பாய்ச்சினால் அதே படிகம் அதிரும் என்பதும் பின்னர்த் தெரிந்தது. முதல் உலகப் போரில் லான்ஷவென் என்ற பிரெஞ்சு அறிஞர், அதைக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பலைத் தேடினார். கடலடியில் இரும்பைத் தேடிய ஒலியை வயிற்றுக் கட்டிகளைத் தேடப் பயன்படுத்தி, கிளாஸ்கோ நகர மருத்துவர் இயன் டொனால்டும் அவர் துணைவர்களும் 1958-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மகப்பேறு மருத்துவமனைகளில் இன்று நாம் காணும் கருவி அந்த வழியில் வந்ததே.

ஒலி உடம்பின் மென்தசையில் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் செல்கிறது. தோலிலிருந்து மூன்று சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள சுரப்பியில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு நொடியை ஓர் இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் நான்கு கூறு! அந்த நேரத்தை அளந்து ஆழத்தையும், எதிரொலியின் வலிவை அளந்து வெண்மை கருமையையும் கருவி திரையில் வரைகிறது. நாயின் வயிற்றைப் பார்க்க நான் பெரும்பாலும் நொடிக்கு 75 இலட்சம் அதிர்வுகள் உள்ள ஒலியைக் கொள்வேன். அதிர்வு கூடினால் படம் நுணுக்கமாகும். ஆனால் ஒலி ஆழம் போகாமல் களைத்துவிடும். சிறு நாய்க்கு ஒரு கோடி அதிர்வும் வைக்கலாம். பருத்த நாய்க்கு 50 இலட்சமாகக் குறைக்கவேண்டியிருக்கும். ஆழமும் நுணுக்கமும் ஒருங்கே வேண்டுமென்றால் இயற்கை கொடுப்பதில்லை.

“நாய்க்கு இந்த ஒலி கேட்டு வலிக்காதா?” என்று ஒரு பள்ளியில் ஒரு சிறுமி என்னைக் கேட்டாள். நல்ல கேள்வி. நம் செவி நொடிக்கு 20,000 அதிர்வுவரை கேட்கும். நாயின் செவி ஏறத்தாழ 45,000 வரை எட்டும். இலட்சங்களில் செல்லும் இந்த ஒலி நாய்க்கும் கேளா ஒலியே.

மணியை முதல் நாளிரவு முதல் பட்டினி போட்டு வரச் சொல்லியிருந்தேன். குடலில் வாயு இருந்தால் ஒலி அங்கேயே நின்றுவிடும். மயிர்க்கால்களிடையே சிக்கிய காற்றும் அப்படியே. ஆகையால் வயிற்று முடியை மழிக்கவேண்டும். பெரியவர் முகம் வாடிற்று. “ஏற்கெனவே பாதி முடி போய்விட்டது, டாக்டர்” என்றார். மழித்து, ஜெல் என்னும் வழுவழுப்பான கூழைத் தடவி, பஞ்சு மெத்தையில் மல்லாத்தினோம். அவர் அதன் தலையைப் பிடித்துக்கொண்டார். மயக்க மருந்து தேவைப்படவில்லை.

இடச் சுரப்பியைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமன்று. முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெருந்தமனியைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து இடச் சிறுநீரகத்துக்குப் பிரியும் கிளை வரை போனால், அதற்குச் சற்று முன்னே, நடுவில் இடுங்கிய நிலக்கடலைபோல் கருமை சார்ந்த ஓர் உருவம் தோன்றும். வலச் சுரப்பி அப்படியன்று. விலா எலும்புக்கு அடியில், கல்லீரலுக்குப் பின்னே, பெருஞ்சிரையை ஒட்டி ஒளிந்திருக்கும். குஷிங் நோயில் கல்லீரல் பருத்திருக்கும். நாய் இரைப்பதால் படமும் ஆடும். பயிற்சிக் காலத்தில் நான் அரை மணி நேரம் தேடி, ஓர் இரத்தக் குழாயின் வளைவைச் சுரப்பி என்று அளந்து எழுதிவிட்டேன். என் ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. குருதியோட்டத்தை வண்ணத்தில் காட்டும் பொத்தானை அழுத்தினார். என் “சுரப்பி”க்குள் இரத்தம் பாய்ந்தோடிற்று. வேறு தண்டனை எனக்குத் தேவைப்படவில்லை.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வாழைத்தண்டை நேராக நறுக்கினால் வட்டம் சிறிதாக வரும்; சாய்த்து நறுக்கினால் அதே தண்டு பெரிய வில்லையாகும். ஒலிக்கதிர் சுரப்பியைச் சாய்வாக வெட்டினால், நோயில்லாத நாய்க்கும் நோய் வந்துவிடும்! ஆகவே சுரப்பியை நீளவாக்கில் முழுதும் திரையில் கொண்டுவந்து, அதன் பின்முனையின் தடிப்பை அளக்கிறோம். எல்லா நாய்களுக்கும் 7.4 மில்லிமீட்டர் என்ற ஒரே எல்லையை முன்பு கொண்டிருந்தார்கள். ஐந்து கிலோ நாய்க்கும் நாற்பது கிலோ நாய்க்கும் ஒரே அளவுச் சட்டை தைப்பது போன்றது அது. சிறு நாய்களில் 6 மில்லிமீட்டரைத் தாண்டினாலே இப்போது ஐயுறுகிறோம்.

மணியின் இடச் சுரப்பி 9 மில்லிமீட்டர். வலச் சுரப்பி ஏறத்தாழ அவ்வளவே. இரண்டும் வடிவம் கெடாமல் கொழுத்திருந்தன. ஏற்றக்காரர் இருவர் தோளும் திரண்டிருக்கின்றன; எனவே கோளாறு மேற்பார்வையாளரிடம்.

அன்றே மருந்து எழுதியிருக்கலாமே என்பீர்கள். எழுதவில்லை. வேறு நோயால் நெடுநாள் அல்லலுற்ற நாய்க்கும் இச்சுரப்பிகள் சற்றுப் பெருக்கலாம்; குஷிங் நோயுள்ள நாய்க்கும் சில வேளை அளவு இயல்பாகவே இருக்கலாம். படம் வடிவைக் காட்டும், வேலையைக் காட்டாது. வேலையை அறிய இரத்தச் சோதனை வேண்டும். கார்ட்டிசாலைப் போலவே நடிக்கும் டெக்ஸாமெதசோன் என்ற மருந்தை மிகச் சிறிய அளவில் ஊசியால் செலுத்தி, நான்கு மணிக்கும் எட்டு மணிக்கும் பிறகு இரத்தத்தில் கார்ட்டிசாலை அளக்கிறோம். வாய்க்கால் நீரைச் சிறிது திறந்துவிட்டு, ஏற்றம் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு ஒப்பானது. நலமுள்ள நாயில் நிற்கும். மணிக்கு நிற்கவில்லை. அதன்பின்தான், கார்ட்டிசால் உற்பத்தியைக் குறைக்கும் டிரைலோஸ்டேன் என்ற மருந்தைத் தொடங்கினேன். அது நோயை வேரறுப்பதன்று. வாழ்நாள் முழுதும் நாள்தோறும் கொடுக்கவேண்டும். அளவு மிகாதபடி அடிக்கடி இரத்தம் பார்க்கவேண்டும். பெரியவரிடம் இதை ஒளிக்கவில்லை. “மாத்திரை நேரம் தவறாது, டாக்டர்” என்றார்.

ஒரு வெள்ளைப் பொமரேனியன் நாயின் கதையையும் சொல்லவேண்டும். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதே தாகம், அதே பசி, அதே தொப்பை, அதே முடியுதிர்வு. மணியைப் பார்த்த பயிற்சியால், படம் எடுக்கும் முன்பே விடையை நான் மனத்தில் எழுதிவிட்டேன். திரையில் பார்த்தால் இரண்டு சுரப்பிகளும் நூலாக இளைத்து, 3 மில்லிமீட்டர்கூட இல்லை! வயலில் வெள்ளம், ஏற்றக்காரர் இருவருமே சோம்பிக் கிடக்கிறார்கள். அப்படியானால் நீர் எங்கிருந்து வருகிறது?

வெளியிலிருந்துதான் வரவேண்டும். “ஏதாவது மருந்து கொடுக்கிறீர்களா?” என்று முன்பே கேட்டிருந்தேன், “இல்லை” என்றார்கள். இப்போது வேறு விதமாகக் கேட்டேன். “சொறிக்கோ அரிப்புக்கோ ஏதேனும் கொடுத்ததுண்டா, அம்மா?” வீட்டுப் பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிறு மாத்திரை அட்டையை எடுத்தார். “இதுவா? இது மருந்தில்லையே ஐயா, அரிப்பு மாத்திரை. கொடுத்தால் குழந்தை நன்றாகத் தூங்குகிறது.” பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு, கார்ட்டிசாலின் உறவு. கடையில் வாங்கி எட்டு மாதமாக நாள்தோறும் கொடுத்து வந்திருக்கிறார், அன்பினால்தான். முதலிலேயே அவரிடம் சரியாகக் கேட்காதது என் பிழை. முன்முடிவின்படி உற்பத்தியைக் குறைக்கும் மருந்தை எழுதியிருந்தால், உறங்கிக்கிடக்கும் சுரப்பிகளை மேலும் அடக்கியிருப்பேன்.

பாட்டி நடுங்கிப்போய், “இன்றே தூக்கி எறிந்துவிடுகிறேன்” என்றார். அதுவும் கூடாது. மாதக்கணக்கில் வேலையற்றுக் கிடந்த ஏற்றக்காரர்கள் ஒரே நாளில் எழுந்து இறைப்பார்களா? வாய்க்காலைத் திடீரென்று அடைத்தால் பயிர் காய்ந்துவிடும்; நாய் சுருண்டு விழும். வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்து, பல வாரங்களில் நிறுத்தினோம். அரிப்புக்குத் தெள்ளுப் பூச்சிதான் காரணம். அதற்கு வேறு வழி செய்தோம். அந்த நாய் தேறிற்று. தோலில் தடவும் களிம்பும், காதில் விடும் சொட்டு மருந்தும்கூடச் சில வேளை இவ்வாறு செய்யும்.

எல்லாக் கதையும் இவ்வாறு முடிவதில்லை. ஒரு லாப்ரடார் நாய்க்கு வலச் சுரப்பி எலுமிச்சம்பழமாகத் திரண்டு, மற்றது மெலிந்திருந்தது. கட்டி பெருஞ்சிரைக்குள்ளும் புகுந்து கிளைவிட்டிருந்தது. அறுவைக்கு உள்ள இடரை வீட்டாருக்குத் திரையிலேயே காட்டினேன். அவர்கள் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அது தவறென்று நான் நினைக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, அடிசன் கண்ட நோயும் நாய்க்கு வரும். பெரும்பாலும் உடம்பின் காப்புப் படையே தன் சுரப்பியைப் பகையென்று எண்ணி அழித்துவிடுவதால் வருவது. வாந்தி, சோர்வு, நடுக்கம், ஒரு வாரம் தேறுதல், மீண்டும் வீழ்ச்சி. இரத்தத்தில் சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறும். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று கைவிட்டுவிடக்கூடிய நிலையில், திரையில் தெரியும் மெலிந்த இரு சுரப்பிகள் மருத்துவரைத் தடுத்து நிறுத்துகின்றன. உறுதி செய்ய இங்கும் இரத்தச் சோதனையே வேண்டும். உப்புநீரும் ஹார்மோனும் கொடுத்தால், செத்ததுபோல் கிடந்த நாய் மறுநாள் வாலாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மணிக்கு மூன்று வாரத்தில் தாகம் தணிந்தது. குறிப்பேட்டில் 1,900 என்ற எண் 1,200 ஆகி, பிறகு 700 ஆயிற்று. கூடத்து ஈரம் நின்றது. சட்டி இரவிலும் அதன் இடத்திலேயே இருந்தது. முடிதான் வரவில்லை. மழித்த இடம் மழித்தபடியே மொட்டையாக இருந்தது. முடி வளர்ச்சியை முடக்குவது இந்நோயின் இயல்பு. நான்கு மாதம் கழித்து ஒரு நாள், மருந்து வாங்கும் முறை வருமுன்பே பெரியவர் வந்து நின்றார். ஒன்றும் சொல்லாமல் மணியை மேசைமேல் ஏற்றிப் புரட்டினார். வயிற்றில், நான் மழித்த கட்டத்துக்குள், விரலால் தடவினால் உணரும் அளவுக்குப் பழுப்பு நிறத்தில் மெல்லிய முடி முளைத்திருந்தது.